பெருந்தொற்றில் சொகுசுக் கப்பல் ஊழியர் ஊர் திரும்பல்

2020 மார்ச்சில் சொகுசுக் கப்பல் பயணங்கள் நின்றதும் பயணிகள் இறங்கினர். ஊழியர் பலர் கடலிலேயே சிக்கினர். ஒப்பந்தம் முடிந்தவர்களை ஊருக்கு அனுப்பும் செலவு கப்பல் உரிமையாளருடையது என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. ஆனால் பெருந்தடை மூடிய துறைமுகங்களும் நின்றுபோன விமானங்களுமே. தொற்று கரையேறும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அதைச் சமாளிக்க வழி இருந்தது: ஆகஸ்டில் ஜெனோவாவிலிருந்து கிளம்பிய எம்எஸ்சி கிராண்டியோசா என்ற சொகுசுக் கப்பல், பரிசோதிக்கப்பட்ட பயணிகளோடு பலெர்மோ வழியாகச் சென்றது. அந்தப் பரிசோதனை வசதி மார்ச்சில் ஏது என்று கேட்கலாம். மும்பை ஏப்ரலிலேயே விடை தந்தது. கடலோடிகள் கரையிறங்க இந்திய உள்துறை அமைச்சகம் நெறிமுறை வகுத்த இரண்டே நாளில், ஏப்ரல் 23 அன்று, மரெல்லா டிஸ்கவரி என்ற சொகுசுக் கப்பலின் இந்திய ஊழியர் ஏறத்தாழ 145 பேர் பரிசோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் உட்பட்டுக் கரையிறங்கினர். ஆகவே, குறை மருத்துவத்தில் அன்று, அரசுகளின் முடிவில். ஆண்டிறுதியிலும், சரக்குக் கப்பல்களையும் சேர்த்து, ஏறத்தாழ 4 லட்சம் கடலோடிகள் ஊர் திரும்ப முடியாதிருந்ததாகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது.