டீசல் கார்களில் இஜிஆர் வால்வு: சுத்தம் செய்தலும் அடைத்தலும்

இஜிஆர் வால்வு என்பது டீசல் எஞ்சின் வெளியிடும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் அடைப்பான் ஆகும். தமிழில் இதைப் புகை மறுசுழற்சி வால்வு எனலாம். நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதே இதன் பணி. நாளடைவில் இதில் கரி படியும். அதற்கு மெக்கானிக்குகளிடம் இரண்டு வழிகள் உள்ளன: கழற்றிச் சுத்தம் செய்வது ஒன்று; தகடு வைத்து அடைத்துவிடுவது மற்றொன்று. முன்னது பராமரிப்பு. பின்னது சட்டத்துக்கு மாறானது.

தோற்றம்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரை மூடிய புகைமூட்டத்தை ஏரி ஹாகன் ஸ்மித் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தார். வாகனப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். தரைமட்ட ஓசோன் நுரையீரலுக்கும் பயிருக்கும் கேடானது. இதனால் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு வரம்பு வந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெட்ரோல் கார்களில் இஜிஆர் பொருத்தப்பட்டது. பின்னர் அது டீசல் கார்களுக்கும் பரவியது.

செயல்படும் விதம்

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். சாதாரண வெப்பத்தில் இவை ஒன்றோடொன்று சேர்வதில்லை. எஞ்சின் உருளைக்குள் எரிதலின் வெப்பம் மிக உயரும்போது சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. ஏற்கெனவே எரிந்த புகையை உள்ளே கலந்தால் ஆக்சிஜனின் பங்கு குறையும். எரியும் வெப்பமும் தணியும். எரியும் அடுப்பில் சாம்பலைத் தூவினால் தணல் அடங்குவதைப் போன்றது இது.

எஞ்சின் முழு வலுவையும் காட்ட வேண்டிய நேரத்தில் கட்டுப்பாட்டுக் கணினி இந்த வால்வை மூடிவிடும். சுமை குறைவாக ஓடும்போது திறக்கும்.

இந்தியாவில்

2005 முதல் பெருநகரங்களிலும் 2010 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 3 விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2010இல் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் 2017 ஏப்ரலில் நாடு முழுமைக்கும் பாரத் ஸ்டேஜ் 4 வந்தது. மூன்றாம் கட்டத்தில் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.50 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடலாம். நான்காம் கட்டத்தில் அது 0.25 கிராம். 2020 ஏப்ரலில் வந்த ஆறாம் கட்டத்தில் 0.08 கிராம். இந்த இறக்கத்தில் இஜிஆர் தவிர்க்க முடியாத உறுப்பாயிற்று.

கரி படிதல்

டீசல் புகையில் கரித்துகள் உண்டு. எஞ்சின் ஆயில் ஆவியும் காற்றுக் குழாய்க்குள் வருகிறது. இரண்டும் சேர்ந்து தார் போன்ற பசையாகி வால்விலும் குழாயிலும் ஒட்டும். நெரிசலில் நின்று நின்று போவதும், எஞ்சின் சூடேறுமுன் நிறுத்தும் குறுந்தூர ஓட்டமும் இதை அதிகமாக்கும். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கரும்புகை வரும், இழுவை குறையும். ஜமுனாமரத்தூருக்கோ ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கோ ஏறும் ஜவ்வாது மலைச் சாலை வளைவுகளில் இழுவை குறைந்த வண்டி பெருந்தொல்லை. மருத்துவமனைக்கு மலை இறங்க வேண்டியவர்களுக்கு வண்டி நின்றுபோவது சிறு விஷயமன்று.

சுத்தம் செய்ய, ஆறிய எஞ்சினிலிருந்து வால்வைக் கழற்றி, அதற்கான திரவம் தெளித்து, பிரஷால் கரியைத் தேய்த்தெடுப்பர். மின்மோட்டார் உள்ள பகுதி நனையக் கூடாது. திரும்பப் பூட்டும்போது புதிய கேஸ்கட் போடுவது நல்லது.

அடைத்தலும் அதன் விளைவும்

சிலர் குழாய் இணைப்பில் ஓட்டையில்லாத இரும்புத் தகட்டைச் செருகிப் புகைப் பாதையை அடைக்கின்றனர். சிலர் கணினி நிரலை மாற்றுகின்றனர். அடைத்தபின் கரி குறைவதும், கரும்புகை மட்டுப்படுவதும் உண்மையே. இதனால் வண்டி சுத்தமாகிவிட்டது என்ற எண்ணம் ஏற்படுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் கரி குறையும்போது, கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது. டீசல் வண்டிகளுக்கான புகைச் சான்றிதழ்ச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. எனவே வால்வை அடைத்த வண்டியும் சான்றிதழ் பெற்றுவிடும்.

ஃபோக்ஸ்வாகன் வழக்கு

தனி மெக்கானிக் தகட்டால் செய்ததை ஒரு பெரிய நிறுவனம் மென்பொருளால் செய்தது 2015 செப்டம்பரில் வெளிப்பட்டது. ஃபோக்ஸ்வாகனின் இஏ 189 வகை டீசல் எஞ்சின், ஆய்வகச் சோதனையை அடையாளம் கண்டு அப்போது மட்டும் இஜிஆரை நன்கு இயக்கியது, சாலையில் குறைத்தது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் இந்த மென்பொருள் இருந்தது.

இந்தியாவில் ஏஆர்ஏஐ நிறுவனம் சாலையில் சோதித்தபோது, நைட்ரஜன் ஆக்சைடு அளவு பாரத் ஸ்டேஜ் 4 வரம்பைப் போல் 1.1 முதல் 2.6 மடங்கு வரை இருந்தது. 2015 டிசம்பரில் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்திய விதிகளை மீறவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் மீது கட்டாய நடவடிக்கை எடுப்பதற்குத் தடை விதித்தது.

கரி ஒரு காரணமாகுமா?

எஞ்சினில் கரி படியாமல் காக்கவே இஜிஆர் குறைக்கப்படுகிறது என்ற வாதம் ஐரோப்பிய நீதிமன்றத்தின் முன் வந்தது. அடைத்துக்கொள்வதையும் தேய்மானத்தையும் தவிர்ப்பது போதிய காரணமாகாது என 2020 டிசம்பரில் அது தீர்ப்பளித்தது. 2022 ஜூலையில் மற்றொரு தீர்ப்பு வந்தது. அதில் ஆராயப்பட்ட மென்பொருள், வெளிவெப்பம் 15 முதல் 33 பாகை செல்சியசுக்குள்ளும், உயரம் 1,000 மீட்டருக்குக் கீழும் இருந்தால் மட்டுமே இஜிஆரை முழுமையாக இயக்கியது. ஓட்டும்போது உடனடி ஆபத்து நேரும் நிலையைத் தவிர, இத்தகைய ஏற்பாடு செல்லாது என்றது நீதிமன்றம்.

இந்த அளவுகோலை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். கோடையில் மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் பகல் வெப்பம் 33 பாகையை எளிதில் தாண்டும். ஜவ்வாது மலையில் 1,000 மீட்டரைத் தாண்டிய இடங்களும் உண்டு. அங்கெல்லாம் அத்தகைய வால்வு ஒதுங்கி நிற்கும். தெளிந்த வானத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இம்மலையில்தான், 725 மீட்டர் உயரத்தில் உள்ளது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 190(2) பிரிவு, காற்று மாசுத் தரத்தை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இன்றைய நிலை

பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களில் இஜிஆருடன் கரி வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் வினையூக்கியும் சேர்ந்து இயங்குகின்றன. 2023 ஏப்ரல் முதல் உண்மையான சாலை ஓட்டத்திலும் மாசு வரம்பு கணக்கிடப்படுகிறது. ஒன்றை அடைத்தால் கணினி கண்டறிந்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். பழைய வண்டிக்காரருக்கு உள்ள நேர்வழி, காலாகாலத்தில் வால்வைச் சுத்தம் செய்வதும், தேய்ந்தால் மாற்றுவதுமே.