கருண் சந்தோக்

கருண் சந்தோக் (பிறப்பு: சனவரி 19, 1984) சென்னையைச் சேர்ந்த கார் பந்தய வீரர் ஆவார். நரேன் கார்த்திகேயனுக்கு அடுத்ததாகப் பார்முலா 1 பந்தயங்களில் கலந்து கொண்ட இரண்டாவது இந்தியர் இவர். 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் மொத்தம் 11 பார்முலா 1 பந்தயங்களில் இவர் கார் ஓட்டினார். 2012 ஆம் ஆண்டு பிரான்சில் நடைபெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பங்கேற்றதன் மூலம், அப்பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெருமையையும் பெற்றார்.

குடும்பமும் சென்னையின் பந்தயத் தளங்களும்

கருணின் குடும்பம் மூன்று தலைமுறைகளாக மோட்டார் பந்தயத்துடன் தொடர்புடையது. இவருடைய பாட்டனார் இந்து சந்தோக், 1953 இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிறுவனர்களுள் ஒருவர். தந்தை விக்கி சந்தோக் ராலி பந்தயங்களில் பங்கேற்றவர். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பின் தலைவராகவும் பணியாற்றியவர்.

சென்னையின் பந்தயங்கள் தொடக்கத்தில் செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் நடைபெற்று வந்தன. பின்னர், பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கு முன்பாக அமைந்துள்ள இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தளம் ஒன்றை மேற்குறிப்பிட்ட கிளப் அமைத்தது. இதன் முழுச் சுற்றின் நீளம் 3.717 கிலோமீட்டர். 2011 இல் தில்லிக்கு அருகே புத்தா பன்னாட்டுத் தளம் திறக்கப்படும் வரை, இந்தியாவில் பந்தயத்திற்கென்றே அமைக்கப்பட்ட நிலையான தளங்கள் இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் மட்டுமே குறிப்பிடத்தக்கனவாக இருந்தன. எனவே நாட்டின் பெரும்பாலான பந்தய வீரர்கள் தமிழ்நாட்டுத் தளங்களிலேயே முதன்முதலில் பயின்றனர்.

படிநிலைகள்

பார்முலா 1 ஐ அடைய விரும்பும் ஓட்டுனர் பல படிகளைக் கடக்க வேண்டும். முதலில் சிறிய கார்ட் வண்டிகள், அடுத்துத் தேசிய அளவிலான ஒற்றை இருக்கைக் கார்கள், அதன் பின் பார்முலா 3, இறுதியாகப் பார்முலா 1 க்கு நேர் கீழேயுள்ள பிரிவு என இவ்வரிசை அமைகிறது. இக்கடைசிப் பிரிவு 2005 முதல் 2016 வரை ஜிபி2 என்ற பெயரில் நடைபெற்றது. 2017 முதல் பார்முலா 2 என அழைக்கப்படுகிறது. மேலே செல்லச் செல்லச் செலவும் பன்மடங்காகப் பெருகுகிறது. ஆகவே திறமையுடன் விளம்பர ஆதரவாளர்களின் பணமும் ஓட்டுனரின் முன்னேற்றத்தை முடிவு செய்கிறது.

இந்தியாவில் பல ஆண்டுகள் முதற்படியாக விளங்கியது பார்முலா மாருதி ஆகும். மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்திய எளிய ஒற்றை இருக்கைக் கார்கள் இப்பிரிவில் ஓடின. கருணும் தம் பந்தய வாழ்வை 2000 இல் இந்தியத் தேசியப் போட்டிகளிலேயே தொடங்கினார். முதல் ஆண்டிலேயே தேசிய வாகையாளர் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு, 17 ஆம் அகவையில், பார்முலா 2000 ஆசியா தொடரிலும் வாகை சூடினார்.

ஐரோப்பாவில்

2002 இல் இங்கிலாந்து சென்ற கருண், டி-ஸ்போர்ட் அணியில் சேர்ந்து பிரித்தானிய பார்முலா 3 தொடரின் இரண்டாம் நிலைப் பிரிவில் ஓடினார். 2003 இல் அப்பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார். அதன் பின்னர் நிலையான இடம் எளிதில் கிட்டவில்லை. வெவ்வேறு தொடர்களில் சில பந்தயங்கள் மட்டுமே ஓட முடிந்தது. நாடுகளுக்கு இடையிலான ஏ1 கிராண்ட் பிரீ தொடரின் முதல் பருவத்தில் (2005-06) இந்திய அணிக்காகவும் கார் ஓட்டினார்.

2006 இல் ஆசியாவிற்குத் திரும்பி, அவ்வாண்டு தொடங்கப்பட்ட ஆசிய பார்முலா ரெனோ வி6 தொடரின் முதல் வாகையாளர் ஆனார். இவ்வெற்றி ஜிபி2 பிரிவிற்கு வழிவகுத்தது.

ஜிபி2 தொடர் (2007-2009)

ஜிபி2 தொடரில் ஒவ்வொரு வார இறுதியிலும் இரண்டு பந்தயங்கள் நடைபெற்றன. முதற்பந்தயத்தில் முதல் எட்டு இடங்களைப் பெற்றவர்கள், குறுகிய இரண்டாவது பந்தயத்தில் தலைகீழ் வரிசையில் தொடங்குவர். 2007 இல் இத்தாலியின் துராங்கோ அணிக்காக ஓடிய கருண், பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில் இரண்டாவது பந்தயத்தை வென்றார். அவ்வாண்டின் இறுதியில் ரெட் புல் அணியின் பார்முலா 1 காரைச் சோதனை ஓட்டத்தில் ஓட்டும் வாய்ப்பும் பெற்றார்.

2008 இல் ஐஸ்போர்ட் அணியில், மறைந்த அயர்ட்டன் சென்னாவின் சகோதரி மகன் புரூனோ சென்னாவுடன் இணைந்து ஓடினார். செருமனியின் ஹாக்கன்ஹைம் தளத்தில் இரண்டாவது வெற்றி கிட்டியது. 2009 இல் போர்த்துகலின் ஓசன் அணிக்கு மாறினார்.

பார்முலா 1

2010 இல் மூன்று புதிய அணிகள் பார்முலா 1 க்குள் நுழைந்தன. அவற்றுள் ஒன்றான எசுப்பானியாவின் இஸ்பானியா அணி, கருணையும் புரூனோ சென்னாவையும் ஓட்டுனர்களாக அமர்த்தியது. பண நெருக்கடியால் தாமதமடைந்த அவ்வணி, பருவத்திற்கு முந்தைய சோதனை ஓட்டங்களில் பங்கேற்கவே இல்லை. மார்ச் மாதம் பகுரைனில் நடந்த முதற்பந்தயத்தின் பயிற்சி ஓட்டங்களிலும் கருணின் கார் ஓடும் நிலையில் இல்லை. தகுதிச் சுற்றின் போதுதான் அவர் அக்காரை முதன்முறையாக ஓட்டினார். 24 ஆவதாகவும் கடைசியாகவும் தகுதி பெற்ற அவர், பந்தயத்தின் தொடக்கத்திலேயே விபத்துக்குள்ளாகி விலகினார்.

இரண்டு வாரங்களுக்குப் பின் ஆத்திரேலியாவில் 14 ஆவதாக முடித்தார். பந்தயத்தை முடித்தவர்களுள் கடைசி இடமே ஆயினும், இஸ்பானியா அணி ஒரு பந்தயத்தை முடித்தது அதுவே முதன்முறை. மொனாக்கோவிலும் 14 ஆவது இடம் கிடைத்தது. அங்கு இறுதிச் சுற்றுகளில் யார்னோ துருல்லியின் கார் இவருடைய காரின் மீதேறிச் சென்ற போதும் கருண் காயமின்றித் தப்பினார். சூலையில் நடந்த பிரித்தானியப் பந்தயம் இவருடைய பத்தாவது பந்தயம். அதற்கு அடுத்த செருமானியப் பந்தயத்தில் இவரது இடம் யப்பானின் சக்கோன் யமமோத்தோவிற்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டு கருண் மீண்டும் ஓடவில்லை.

2011 இல் டீம் லோட்டஸ் அணியின் மாற்று ஓட்டுனரானார். செருமானியப் பந்தயத்தில் துருல்லிக்குப் பதிலாக ஓடி 20 ஆவது இடத்தில் முடித்தார். அதுவே இவருடைய கடைசி பார்முலா 1 பந்தயம். அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று இந்தியாவின் முதல் கிராண்ட் பிரீ புத்தா தளத்தில் நடைபெற்றது. சொந்த நாட்டில் கருணுக்கு வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டம் மட்டுமே வாய்த்தது. பந்தயத்தில் ஓடிய ஒரே இந்தியரான நரேன் கார்த்திகேயன் 17 ஆவதாக முடித்தார்.

பிற்காலம்

2012 லெ மான் பந்தயத்தில் டேவிட் பிரபாம், பீட்டர் டம்பிரெக் ஆகியோருடன் ஜேஆர்எம் அணிக்காக ஓடி ஆறாவது இடம் பெற்றார். 2014 இல் மின்சாரக் கார்களுக்கான பார்முலா ஈ தொடங்கிய போது, மகிந்திரா அணிக்காகப் பீக்கிங்கில் நடந்த அதன் முதற்பந்தயத்தில் ஐந்தாவதாக முடித்தார். பின்னர் தொலைக்காட்சி வருணனையாளராகப் புகழ் பெற்றார். 2019 இல் பிரித்தானியாவின் ஸ்கை ஸ்போர்ட்ஸ் பார்முலா 1 குழுவில் இணைந்தார்.

மதிப்பீடு

கருண் பார்முலா 1 இல் புள்ளி எதனையும் பெறவில்லை. எனினும் 2010 இல் புதிய அணிகள் மூன்றுமே புள்ளியின்றி முடித்தன என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கீழ்ப்படிகளில் போட்டித் திறன் உள்ள கார் கிடைத்த ஆண்டுகளில் இவர் பட்டங்களை வென்றார். உச்சப் படியில் அத்தகைய கார் இவருக்கு ஒருமுறையும் கிடைக்கவில்லை. 2016 முதல் பார்முலா 1 உரிமம் பெறுவதற்கு, கீழ்நிலைத் தொடர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளிகள் ஈட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. இதனால் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கும் இளம் ஓட்டுனர் ஒருவருக்கு அப்பாதை முன்னிலும் கடினமாகியுள்ளது.