முட்டைச் சந்தையில் பவுண்டு

1967. சிகாகோவில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். பெயர் மில்டன் ஃப்ரீட்மன். பிற்பாடு நோபல் பரிசெல்லாம் வாங்கிய ஆசாமி. பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்பு சீக்கிரமே விழும் என்று அவருக்குத் தோன்றியது. இன்றைய விலைக்கு பவுண்டை விற்பதாகப் பேசி வைப்பது, விழுந்த பிறகு சல்லிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது. அவ்வளவுதான் திட்டம்.

ஊரிலிருந்த பேங்க்குகள் கையை விரித்துவிட்டன. வெளிநாட்டு வியாபாரம் செய்கிறவர்களுக்குத்தான் அந்த வசதியாம். இவருக்கு என்ன அவசியம்? அந்த நவம்பரிலேயே பவுண்டு 2.80 டாலரிலிருந்து 2.40க்கு இறங்கியது. மனுஷருக்கு வயிறு எரியாதா?

பேங்க் சொன்னது நியாயம்தானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

1971 ஆகஸ்ட் 15. வெளிநாட்டு அரசுகள் டாலரைக் கொடுத்தால் தங்கம் தரும் வழக்கத்தை அதிபர் நிக்சன் நிறுத்தினார். அதுவரை பெரும்பாலும் கட்டிப்போட்டது போலக் கிடந்த கரன்ஸி விலைகள் ஆட ஆரம்பித்தன.

ஜெர்மனியிலிருந்து மெஷின் வரவழைக்கும் ஓர் அமெரிக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து 1,00,000 மார்க் கட்டவேண்டும். இன்றைக்கு ஒரு மார்க் 30 சென்ட். அது 33 ஆனால் 3,000 டாலர் கூடுதல் செலவு. அவருடைய லாபமே அவ்வளவுதான் என்றால்? அதற்குத்தான் ஃப்யூச்சர்ஸ். மூன்று மாதம் கழித்து இன்ன விலை என்று இன்றே பேசி வைக்கும் ஒப்பந்தம். 30 சென்ட்டுக்கு வாங்கி வைத்தால், மெஷினில் போகிற 3,000 ஒப்பந்தத்தில் வந்துவிடும். மார்க் 27க்கு இறங்கினால் ஒப்பந்தத்தில் நஷ்டம், மெஷினில் மிச்சம். எப்படியும் கணக்கு நேர்.

இதன் பெயர் ஹெட்ஜிங். பி.காம். பரீட்சையில் நாலு வரி எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். (இந்த மார்க் வேறு!) ஆனால் அவருக்கு அந்த ஒப்பந்தத்தை விற்பது யார் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. மார்க் ஏறாது என்று பந்தயம் கட்டத் துணிந்த யாரோ ஒருவர். அதாவது, பேங்க் திருப்பி அனுப்பிய ஃப்ரீட்மன் மாதிரி ஆசாமிகள்.

இதைப் பிடித்துக்கொண்டது நியூயார்க்கின் பெரிய பேங்க்குகள் இல்லை. 1898இல் வெண்ணெய், முட்டை வியாபாரிகள் ஆரம்பித்த சந்தையிலிருந்து வளர்ந்த சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச். அதன் தலைவர் லியோ மெலமெட், சின்ன வயதில் நாஜிகளிடமிருந்து தப்பி ஜப்பான் வழியாக அமெரிக்கா வந்தவர். பன்றி இறைச்சி விற்கிற கும்பலுக்குக் கரன்ஸி எதற்கு என்று ஏகக் கேலி. மெலமெட் நேரே ஃப்ரீட்மனிடம் போனார். ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்றார், கட்டணத்தோடு! டிசம்பரில் கட்டுரை ரெடி.

1972 மே 16. ஏழு கரன்ஸிகளோடு ஃப்யூச்சர்ஸ் வியாபாரம் தொடங்கியது. பவுண்டும் அதில் ஒன்று. உனக்கு என்ன அவசியம் என்று இந்தமுறை யாரும் கேட்கவில்லை. மார்ஜின் பணம் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.