எஞ்சின் மாறிய வண்டிகள்: நம் ஊர் சரக்கு வண்டிகளின் சிறு வரலாறு



நம் வேலம்பாளையத்தில் நான்கு சக்கரமும் பின்னால் தட்டும் இருந்தால் அது டெம்போதான். டாடா வண்டியோ மஹிந்திரா வண்டியோ, "டெம்போ வந்துருச்சுங்களா?" என்றுதான் கேட்போம். அது ஒரு கம்பெனியின் பெயர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஜெர்மனியின் ஹாம்பர்க் பகுதியில் விடால் நிறுவனம் 'டெம்போ' என்ற பெயரில் சிறு சரக்கு வண்டிகள் செய்தது. அதன் தொழில்நுட்பத்தோடு 1958இல் மகாராஷ்டிரத்தில் பிரோடியா குடும்பத்தார் தொடங்கியது பஜாஜ் டெம்போ. முதலில் ஹன்சீட் என்ற மூன்று சக்கர வண்டி வந்தது. பிறகு மெட்டடார் வந்தது. 2005இல் அந்தக் கம்பெனி தன் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. நாம் மாற்றவில்லை.

அந்தப் பெயர் இங்கே இவ்வளவு ஆழமாக ஊன்றியதற்குக் காரணம் நம் தொழில். ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நூல் நிட்டிங் போகும். துணி ரோல் பிளீச்சிங்குக்கோ டையிங்குக்கோ போகும். அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பாதி வேலைகள் ஜாப் ஒர்க். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டெலிவரி சலான், ஒரு வண்டி நடை. நீங்கள் போட்டிருக்கும் பனியன் கடைக்குப் போகும் முன்பே நாலைந்து முறை வண்டி ஏறி இறங்கியிருக்கும்.

இந்தச் சிறு வண்டிகளை நம் மக்கள் எப்படி உயிரோடு வைத்திருந்தார்கள், இன்று அவற்றைப் பாதுகாக்க நினைப்பவருக்கு என்ன சிக்கல் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

கரியில் ஓடிய காலம்

கொங்கு நாட்டில் மோட்டார் வண்டியின் கதை ஜி.டி. நாயுடுவிடமிருந்து தொடங்கும். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அங்கிருந்து யுனைடெட் மோட்டார் சர்வீஸ் வளர்ந்தது. வண்டி வெளிநாட்டிலிருந்து வந்தது. உதிரிபாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்தால் பிழைப்பு நடக்காது. அதனால் உடைந்ததை இங்கேயே கடைசல் பிடித்துச் செய்துகொள்ளும் பழக்கம் வந்தது. கோவையின் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் அதற்குக் கை கொடுத்தன.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போது பஸ், லாரிகளின் பின்புறம் ஓர் உலையைப் பொருத்தினார்கள். அதில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கிடைக்கும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் இந்த கேஸ் பிளாண்டுகளைத் தயாரித்தது. இழுவை குறைவு, மேட்டில் திணறும், காலையில் உலை மூட்டிக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் வண்டி நின்றுபோகவில்லை. 'கரி பஸ்' என்று நம் தாத்தா, பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு புது வண்டி வாங்குவது எளிதாக இல்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, உள்நாட்டு உற்பத்தி குறைவு. பம்பாயில் மஹிந்திரா நிறுவனம் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. போரில் மிஞ்சிய ராணுவ வண்டிகளும் ஏலத்தில் வந்தன. அந்த ஜீப்பில் இருந்தது சுமார் 2,200 சி.சி. பெட்ரோல் எஞ்சின். உழைப்பாளிதான், ஆனால் நிறையக் குடிக்கும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. பெட்ரோல் வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டியவர்களுக்கு அது பெரிய அடி. டீசல் எஞ்சினுக்கு மாறுவதே வழி. அதற்கு முன்னோடியும் இருந்தது. சென்னையின் சிம்சன் நிறுவனம் 1950களிலேயே பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரித்தது. டாட்ஜ், ஃபார்கோ போன்ற லாரிகளில் பெர்கின்ஸ் ஏறியது அந்தக் காலத்து ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே வித்தை ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் இறங்கியது. மஹிந்திராவே 1979இல் பிரான்ஸின் பியூஜோவோடு டீசல் எஞ்சினுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. பட்டறைக்காரர் செய்ததைக் கம்பெனியும் ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தடைக்குப் பிறகு கியூபாவில் பழைய அமெரிக்கக் கார்களில் சோவியத் எஞ்சின்கள் ஏறின. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களைக் கொஞ்சம் பெட்ரோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தட்டுப்பாடு இருந்த இடமெல்லாம் மெக்கானிக்கின் கைதான் வண்டியைக் காப்பாற்றியது.

லெட்ஜரில் பூஜ்யம், ரோட்டில் சம்பாத்தியம்

இனி நான் அறிந்த பக்கம். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமான பிறகு, ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைக்கும் சிறு போக்குவரத்துத் தொழிலாளர்களும் முன்னுரிமைக் கடன் பட்டியலில் இடம் பெற்றார்கள். 1980களின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, டெம்போ லோன் லெட்ஜர் தனியாகவே இருந்தது. ஆர்.சி. புக்கில் வங்கியின் பெயரை ஏற்றுவது, இன்சூரன்ஸ் நகலைக் கோப்பில் வைப்பது, தவணை வராதவர்களுக்குக் கடிதம் போடுவது, இவைதான் என் வேலை.

பி.காம். படித்தவன் என்பதால் ஒரு கணக்கு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய வருமானவரி விதிப்படி வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம். அதாவது 1 லட்ச ரூபாய் வண்டி, பத்தாம் ஆண்டு முடிவில் கணக்குப் புத்தகத்தில் சுமார் 2,825 ரூபாய்தான். ஆனால் அந்தப் பத்து வயது வண்டிதான் அவர் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. சிலிண்டரை ரீபோர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க்கை கிரைண்ட் செய்து, தட்டுக்குப் புதுப் பலகை அடித்து, இன்னும் பத்து ஆண்டு ஓட்டினார்கள்.

கணக்கியலில் ரிப்பேர் செலவு வேறு, மூலதனச் செலவு வேறு. பழையபடி ஓட வைத்தால் ரிப்பேர். முன்பு இல்லாத திறனைச் சேர்த்தால் மூலதனம். பெட்ரோலை எடுத்து டீசலை வைத்தது இரண்டாவது வகை. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். கட்டுரையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

1986இல் டாடா 407, 1988இல் டாடாவின் 206 பிக்கப், அதே பத்தாண்டில் ஜப்பானியக் கூட்டில் ஸ்வராஜ் மஸ்டா, டி.சி.எம். டொயோட்டா எனப் புது வண்டிகள் வரிசையாக வந்தன. 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். 'குட்டி யானை' என்று நாம் பெயர் வைத்தோம். குறைந்த தவணையில் புது வண்டி கிடைத்த பிறகு பழைய வண்டிக்கு எஞ்சின் மாற்ற யாருக்கும் தேவை இருக்கவில்லை. மெட்டடார்களும் ஜீப் பிக்கப்புகளும் காயலான் கடைக்குப் போயின.

இன்று பாதுகாக்க நினைத்தால்

நம் சி பிளாக் பின்புறம் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அது 1970இல் பதிவான ஜீப் பிக்கப். உரிமையாளர் நம்மில் ஒருவர். அவருடைய அப்பா அதில் நூல் மூட்டையும் துணி ரோலும் ஏற்றிக் குடும்பத்தை நிமிர்த்தினார். 1980களில் அதில் டீசல் எஞ்சின் ஏறியது. ஆர்.சி. புக்கிலும் அது பதிவாகியிருக்கிறது. பழைய பெட்ரோல் எஞ்சின் தோட்டத்துச் சாளையில் பத்திரமாக இருக்கிறது. அவர் இப்போது விடுமுறை நாட்களில் வண்டியை ஒவ்வொரு பாகமாகப் பிரித்துச் சரிசெய்கிறார். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவர் முன் இருக்கும் கேள்வி: டீசலோடு வைப்பதா, பழைய பெட்ரோல் எஞ்சினை மீண்டும் ஏற்றுவதா?

சட்டம் என்ன சொல்கிறது? 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்துடன் தனி எண் தருவார்கள். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மாநில அளவில் ஒரு குழு பார்த்து முடிவு சொல்லும். கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பராமரிப்பு, எண்ணெய் நிரப்புதல் போன்றவற்றுக்கே ஓட்டலாம். வாடகைக்கோ வியாபாரத்துக்கோ கூடாது. முக்கிய நிபந்தனை: வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இங்கேதான் எனக்கு மனம் உறுத்துகிறது. மாளிகை ஷெட்டில் தூங்கிய காருக்கு இந்த மரியாதை எளிதாகக் கிடைக்கும். எஞ்சின் மாற்றி, ஐம்பது ஆண்டு உழைத்து, ஓர் ஊரின் தொழிலையே சுமந்த வண்டிக்குக் கிடைக்காது. அதை உயிரோடு வைத்த அதே வேலைதான் இன்று அதற்கு எதிரான சாட்சி.

இனிமேல் புதிதாக மாற்றம் செய்வதும் எளிதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சினை மாற்ற வேண்டுமானால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். பாதுகாப்பை நினைத்தால் இந்தக் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. அந்தக் கால டிரம் பிரேக்கை நம்பி அதிக வேக எஞ்சினை ஏற்றினால் ஆபத்து ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும்தான்.

என் கருத்து: பெட்ரோல் எஞ்சினை ஏற்றினாலும் வி.ஏ. எண் நிச்சயம் என்று சொல்ல முடியாது. டீசலை வைத்தால் நிச்சயமாக இல்லை. ஆனால் டீசலோடு இருக்கும் அந்த வண்டிதான் நம் ஊர் வரலாற்றை உள்ளபடி சொல்லும். உரிமையாளர் எதைத் தேர்ந்தாலும் பழைய எஞ்சினை எடைக்குப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

எதைத் தேர்ந்தாலும் சில வேலைகளைத் தவிர்க்க முடியாது. பிரேக்கின் ரப்பர் பாகங்களையும் ஹோஸ்களையும் முழுதாக மாற்ற வேண்டும். வெடித்துப்போன வயரிங்கைப் புதிதாக இழுக்க வேண்டும். பெட்ரோல் என்றால், இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் டியூபும் பம்ப் டயபிரமும் அதற்குத் தாங்காது. செம்பு, பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை, பக்கத்திலேயே பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன அனுப்பர்பாளையம் இருக்கிறது.

குடியிருப்பில் வேலை செய்வதால் நமக்கும் சில எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். காலியான பெட்ரோல் டேங்க் நிரம்பியதைவிட ஆபத்தானது, உள்ளே ஆவி நிற்கும். அதனால் வெல்டிங்கை வெளியே பட்டறையில்தான் செய்ய வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அந்தத் தூசியை ஊதித் தள்ளக் கூடாது. பழைய ஆயிலை வடிகாலில் ஊற்றவே கூடாது. நொய்யல் பட்டது போதும்.

அடுத்த பொதுக்குழுவில் அந்த வண்டியை அப்புறப்படுத்தும் தீர்மானம் வருகிறது. இடப் பற்றாக்குறை உண்மை. நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வண்டி நிறுத்த இடமில்லை என்பதும் உண்மை. இந்த நிபந்தனைகளோடு ஓராண்டு அவகாசம் தரலாம் என்பது என் வேண்டுகோள். முடிவு உங்கள் கையில்.

இன்னும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஆர்.சி. புக், வரி ரசீது, டெலிவரி சலான், வண்டிக்கு முன் நின்று எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அலுவலகத்தில் கொடுத்தால் ஸ்கேன் செய்து திருப்பித் தருகிறேன். நேரம் கிடைத்தால் பிள்ளைகளைக் கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். உலகத்துக் கார்களை அங்கே பார்க்கலாம். நம் ஊர்ச் சரக்கு வண்டிகளின் கதையை நாம்தான் சேர்த்து வைக்க வேண்டும்.



– ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், பி பிளாக்