கோன்கூர் பரிசு

கோன்கூர் பரிசு (பிரெஞ்சு மொழியில்: பிரீ கோன்கூர்) என்பது பிரான்சு நாட்டில் ஆண்டுதோறும் வழங்கப்படும் ஓர் இலக்கியப் பரிசு ஆகும். பிரெஞ்சு மொழியில் அவ்வாண்டு வெளிவந்த சிறந்த கற்பனை உரைநடை நூலுக்கு இது வழங்கப்படுகிறது. நடைமுறையில் இப்பரிசு ஏறத்தாழ எப்போதும் புதினங்களுக்கே கிடைத்து வந்துள்ளது. எத்மோன் த கோன்கூர் என்ற எழுத்தாளர் எழுதி வைத்த உயிலின்படி உருவான கோன்கூர் கலைக்கழகம் 1903 ஆம் ஆண்டு முதல் இதனை வழங்கி வருகிறது.

இளமைக்கும், தனித்தன்மை வாய்ந்த திறமைக்கும், சிந்தனையிலும் வடிவத்திலும் துணிந்து செய்யப்படும் புது முயற்சிகளுக்கும் இப்பரிசு செல்ல வேண்டும் என்பது நிறுவனரின் விருப்பமாகும். இவ்விருப்பம் எந்த அளவுக்கு நிறைவேற்றப்பட்டது என்ற கேள்வி பரிசின் வரலாறு முழுவதும் எழுப்பப்பட்டு வந்துள்ளது.

கோன்கூர் உடன்பிறப்புகள்

எத்மோன் த கோன்கூர் (1822-1896), ழூல் த கோன்கூர் (1830-1870) ஆகிய இருவரும் உடன்பிறந்தவர்கள். பெற்றோர் விட்டுச் சென்ற சொத்தின் வருவாயைக் கொண்டு வாழ்ந்த இவர்கள், வேறு தொழில் எதனையும் நாடாமல் எழுத்துக்கே தம்மை ஒப்படைத்தனர். புதினங்கள், கலை வரலாற்று நூல்கள் ஆகியவற்றை இருவரும் சேர்ந்தே எழுதினர். இவர்களது "ழெர்மினி லாசெர்த்தே" (1865) என்ற புதினம், ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் வாழ்வை மையமாகக் கொண்டது. பிரெஞ்சு இயல்புவாத இலக்கியத்தின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இவர்கள் 1851 டிசம்பர் 2 அன்று எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு 19 ஆம் நூற்றாண்டுப் பாரிசின் இலக்கிய உலகை அறிய உதவும் முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாகும். ழூல் 1870 ஆம் ஆண்டு தமது 39 ஆம் வயதில் இறந்தார். அதன் பின்னர் எத்மோன் தனியாகவே நாட்குறிப்பைத் தொடர்ந்து எழுதினார். தம்பியின் பெயரும் தம் பெயரும் நிலைத்திருக்க வேண்டும் என்ற எண்ணமே கலைக்கழகத்தை நிறுவும் திட்டத்திற்கு அடிப்படையாக அமைந்தது.

உயிலும் வழக்கும்

தமது சொத்துகளையும் கலைப்பொருட்களையும் விற்று, அத்தொகையைக் கொண்டு பத்து எழுத்தாளர்கள் அடங்கிய ஒரு கழகத்தை நிறுவ வேண்டும் என எத்மோன் உயிலில் எழுதினார். உயிலின் முதன்மையான விதிகள் பின்வருமாறு:

- உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6,000 பிராங்க் உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். பிழைப்புக்காக அலுவலகப் பணியிலோ இதழியலிலோ காலத்தைச் செலவிடாமல் அவர்கள் எழுத வேண்டும் என்பதே இதன் நோக்கம்.
- ஆண்டுதோறும் ஒரு கற்பனை உரைநடை நூலுக்கு 5,000 பிராங்க் பரிசு வழங்கப்பட வேண்டும். தகுதி சமமாக இருப்பின் புதினத்திற்கே முன்னுரிமை தரப்பட வேண்டும்.
- பிரெஞ்சுக் கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் இக்கழகத்தின் உறுப்பினராக இருத்தல் ஆகாது.

17 ஆம் நூற்றாண்டு முதல் இயங்கி வரும் பிரெஞ்சுக் கலைக்கழகம் புது வகை எழுத்துகளை ஏற்பதில்லை என்ற குறை அக்காலத்தில் இருந்தது. பால்சாக், புளோபேர் போன்ற பெரும் புதின ஆசிரியர்கள் அதில் இடம்பெறவில்லை. அதற்கு மாற்றாகவே எத்மோன் தம் கழகத்தைக் கருதினார்.

எத்மோன் 1896 ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று, தம் நண்பரும் எழுத்தாளருமான அல்போன்ஸ் தோதேயின் வீட்டில் இறந்தார். அவரது உறவினர்கள் உயிலை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். உயிலை நிறைவேற்றுவோர் சார்பில் வாதாடியவர் வழக்கறிஞர் ரெமோன் புவன்காரே ஆவார். இவர் பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவரானார். வழக்கில் உயில் செல்லும் எனத் தீர்ப்பானது. 1903 ஆம் ஆண்டு சனவரியில் கழகத்திற்கு அரசின் ஏற்பு கிடைத்தது. ழோரி-கார்ல் உய்ஸ்மான்ஸ் அதன் முதல் தலைவரானார். ஒக்தாவ் மிர்போ, ரோனி உடன்பிறப்புகள், லெயோன் என்னிக், லெயோன் தோதே முதலியோர் தொடக்ககால உறுப்பினர்களுள் அடங்குவர்.

முதல் பரிசு 1903 ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று ழான்-அந்துவான் நோ எழுதிய "பகைச் சக்தி" என்ற புதினத்திற்கு வழங்கப்பட்டது.

தேர்வு முறை

நடுவர் குழுவில் பத்து உறுப்பினர்கள் உள்ளனர். இவர்கள் மாதந்தோறும் பாரிசில் கையோன் சதுக்கத்தில் உள்ள துருவான் உணவகத்தில் கூடுகின்றனர். 1914 ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் நிலவுகிறது. ஒவ்வோர் உறுப்பினருக்கும் அவரது பெயர் பொறிக்கப்பட்ட முள்கரண்டியும் கத்தியும் உண்டு. புதிதாக வருபவரின் பெயர், அவருக்கு முன்பு அவ்விருக்கையில் இருந்தவர்களின் பெயர்களுடன் சேர்த்துப் பொறிக்கப்படுகிறது.

செப்டம்பர் மாதத்தில் முதல் பட்டியல் வெளியிடப்படும். பின்னர் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு, வழக்கமாக நவம்பர் மாதத் தொடக்கத்தில் முடிவு அறிவிக்கப்படும். வாக்கெடுப்பு பல சுற்றுகளாக நடைபெறுகிறது. பதினான்காம் சுற்று வரை முடிவு எட்டப்படாவிடில் தலைவரின் வாக்கு இரண்டு வாக்குகளாகக் கணக்கிடப்படும். 2022 ஆம் ஆண்டு பிரிழித் ழிரோ இம்முறையிலேயே பரிசு பெற்றார்.

ஒருவருக்கு ஒரு முறை மட்டுமே இப்பரிசு வழங்கப்படலாம்.

பரிசுத்தொகை

1903 இல் 5,000 பிராங்க் என்பது ஓர் இளம் எழுத்தாளர் சில காலம் கவலையின்றி எழுதப் போதுமான தொகையாக இருந்தது. உலகப் போர்களுக்குப் பின் பிராங்கின் மதிப்பு வீழ்ந்ததால் பரிசுத்தொகையும் தன் மதிப்பை இழந்தது. 1960 ஆம் ஆண்டு நாணயச் சீர்திருத்தத்தின்போது 100 பழைய பிராங்குகள் ஒரு புதிய பிராங்க் ஆக்கப்பட்டன. இதனால் 5,000 பிராங்க் வெறும் 50 பிராங்க் ஆனது. யூரோ நாணயம் வந்த பின் வெற்றியாளருக்கு 10 யூரோவுக்கான காசோலை வழங்கப்படுகிறது. பெற்றவர் பலர் இக்காசோலையை வங்கியில் செலுத்தாமல் நினைவுப் பொருளாக வைத்துக் கொள்கின்றனர்.

எனினும் பரிசு பெறும் நூல் பொதுவாக இலட்சக் கணக்கான படிகள் விற்பனையாகிறது. 2020 இல் பரிசு பெற்ற எர்வே ல தெல்லியேவின் "பிறழ்வு" பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையானது. இவ்வாறு, நிறுவனர் தம் சொத்திலிருந்து தர விரும்பிய உதவியை இன்று வாசகர்களே நூலை வாங்குவதன் மூலம் தருகின்றனர். அதே வேளையில், இவ்வருவாயில் பதிப்பகத்திற்கும் பெரும் பங்கு உண்டு என்பதால், பரிசைப் பெறுவதில் பதிப்பகங்களிடையே கடும் போட்டி நிலவுகிறது.

1919 ஆம் ஆண்டுச் சர்ச்சை

நிறுவனரின் விருப்பத்திற்குப் பொருள் என்ன என்ற கேள்வி 1919 ஆம் ஆண்டில் வெளிப்படையாக எழுந்தது. அவ்வாண்டு இறுதிப் போட்டியில் இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்று, ரொலான் தொர்ழெலேஸ் எழுதிய "மரச் சிலுவைகள்". தொர்ழெலேஸ் 34 வயதினர். முதல் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றியவர். அகழிகளில் கண்ட வாழ்வையே தம் நூலில் எழுதியிருந்தார். மற்றொன்று, மார்செல் புரூஸ்ட் எழுதிய "மலரும் இளமங்கையரின் நிழலில்". இது "இழந்த காலத்தைத் தேடி" என்ற பெரும் புதினத்தின் இரண்டாம் பகுதி ஆகும். புரூஸ்டுக்கு அப்போது வயது 48. அவர் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். உடல்நலக் குறைவால் போருக்குச் செல்லாதவர்.

டிசம்பர் 10 அன்று நடந்த வாக்கெடுப்பில் புரூஸ்ட் 6 வாக்குகளும் தொர்ழெலேஸ் 4 வாக்குகளும் பெற்றனர். போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்த நிலையில், போரிட்ட இளைஞரை விடுத்து, வசதி படைத்த நடுவயதினருக்குப் பரிசு தரப்பட்டதாகச் செய்தித்தாள்கள் பல கண்டித்தன. உயிலில் கூறப்பட்ட இளமை என்பது ஆசிரியரின் வயதைக் குறிப்பதன்று, திறமையின் புதுமையையே குறிக்கிறது எனப் புரூஸ்டை ஆதரித்தவர்கள் வாதிட்டனர். லெயோன் தோதே இவர்களுள் முதன்மையானவர்.

தொர்ழெலேசின் பதிப்பாளரான அல்பான் மிசெல், நூலைச் சுற்றிய தாள்பட்டையில் "கோன்கூர் பரிசு" என்று பெரிய எழுத்துகளிலும், "பத்தில் நான்கு வாக்குகள்" என்று சிறிய எழுத்துகளிலும் அச்சிட்டார். புரூஸ்டின் பதிப்பாளரான கல்லிமார் இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்று வென்றார். தொர்ழெலேசுக்கு அதே ஆண்டில் பெமினா பரிசு கிடைத்தது. காலப்போக்கில் புரூஸ்டின் படைப்பு 20 ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த புதினங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இதனால் 1919 ஆம் ஆண்டின் முடிவு, கழகத்தின் மிகச் சரியான முடிவுகளுள் ஒன்றாக இன்று எடுத்துக்காட்டப்படுகிறது.

பிற சர்ச்சைகள்

1921 ஆம் ஆண்டு ரெனே மரான் எழுதிய "பத்துவாலா" பரிசு பெற்றது. இப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் இவர். பிரெஞ்சு ஆப்பிரிக்கக் குடியேற்றப் பகுதியில் அரசு அலுவலராக இருந்த இவர், நூலின் முன்னுரையில் குடியேற்ற ஆட்சியைக் கடுமையாகச் சாடியிருந்தார். இதனால் அப்பகுதிகளில் நூல் தடை செய்யப்பட்டது.

1932 ஆம் ஆண்டு செலின் எழுதிய முதல் புதினமான "இரவின் எல்லைவரை ஒரு பயணம்" புறக்கணிக்கப்பட்டு, கி மாசெலின் எழுதிய "ஓநாய்கள்" தேர்வு செய்யப்பட்டது. செலினின் நூல் பின்னர் பிரெஞ்சு இலக்கியத்தின் முதன்மைப் படைப்புகளுள் ஒன்றானது. துணிந்த புது முயற்சியைக் கழகம் தவறவிட்டதற்கு இந்நிகழ்வே பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுகிறது.

1951 ஆம் ஆண்டு ழூலியேன் கிராக் "சீர்த் கடற்கரை" என்ற நூலுக்கான பரிசை ஏற்க மறுத்தார். இலக்கியப் பரிசுகளின் வணிகப் போக்கைக் கண்டித்து அவர் முந்தைய ஆண்டே ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்.

இரு முறை பரிசு பெற்றவர்

ரொமேன் காரி 1956 ஆம் ஆண்டு "வானத்தின் வேர்கள்" நூலுக்காகப் பரிசு பெற்றார். 1970களில் திறனாய்வாளர்கள் இவரை எழுதி முடித்துவிட்ட பழைய எழுத்தாளராகவே கருதினர். எனவே இவர் எமில் அழார் என்ற புனைபெயரில், முற்றிலும் வேறான நடையில் எழுதத் தொடங்கினார். உறவினரான போல் பவ்லொவிச் என்பவர் அழாராக வெளியுலகில் தோன்றினார். 1975 ஆம் ஆண்டு அழாரின் "எதிரே இருக்கும் வாழ்க்கை" பரிசுக்குத் தேர்வானது. புதிய எழுத்தாளர் எனக் கருதப்பட்ட அழாரை உண்மையில் எழுதிய காரிக்கு அப்போது 61 வயது. பரிசை மறுக்க அழார் முயன்றபோது, பிறப்பையும் இறப்பையும் போலவே இப்பரிசையும் ஏற்கவோ மறுக்கவோ இயலாது எனக் கழகத் தலைவர் எர்வே பாசேன் மறுமொழி கூறினார். காரி 1980 ஆம் ஆண்டு தற்கொலை செய்து கொண்டார். அவர் விட்டுச் சென்ற கட்டுரை 1981 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தபோது இவ்வுண்மையை அவரே கூறும் சான்று கிடைத்தது.

பெண்களும் கோன்கூர் பரிசும்

முதல் நடுவர் குழுவில் பெண்கள் எவரும் இல்லை. இதற்கு எதிர்வினையாக 1904 ஆம் ஆண்டு பெண்களை மட்டுமே நடுவர்களாகக் கொண்ட பெமினா பரிசு தொடங்கப்பட்டது. 1910 ஆம் ஆண்டு ழூதித் கோத்தியே கோன்கூர் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். எனினும் ஒரு பெண்ணின் நூல் பரிசு பெற நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 1944 ஆம் ஆண்டுக்கான பரிசை 1945 இல் பெற்ற எல்சா திரியோலே முதல் பெண் வெற்றியாளர் ஆவார். 1984 ஆம் ஆண்டு "காதலன்" நூலுக்காகப் பரிசு பெற்ற மார்கரித் துராசுக்கு அப்போது வயது 70.

வயதும் பரிசும்

பரிசு பெறுவோருக்கு வயது வரம்பு எதுவும் இல்லை. 1976 ஆம் ஆண்டு பத்ரிக் கிரேன்வில் தமது 29 ஆம் வயதில் பரிசு பெற்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பத்ரிக் மொதியானோ 1978 இல் இப்பரிசைப் பெற்றபோது அவருக்கு 33 வயது. செனகல் நாட்டவரான மொகமது ம்புகார் சார் 2021 ஆம் ஆண்டு தமது 31 ஆம் வயதில் பரிசு பெற்றார். சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இப்பரிசைப் பெற்ற முதல் எழுத்தாளர் இவர். ஆயினும் பெரும்பாலான ஆண்டுகளில், முன்பே பல நூல்களை எழுதி அறியப்பட்டவர்களே தேர்வு செய்யப்படுகின்றனர்.

துணைப் பரிசுகள்

நிறுவனரின் விருப்பம் இரண்டு துணைப் பரிசுகளில் இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது.

முதல் புதினத்திற்கான கோன்கூர் பரிசு 1990 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2015 இல் இதனைப் பெற்றார்; 2024 இல் முதன்மைப் பரிசையும் பெற்றார்.

மாணவர் கோன்கூர் பரிசு 1988 ஆம் ஆண்டு ரென் நகரில் தொடங்கப்பட்டது. இதில் நடுவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ஏறத்தாழ 2,000 மாணவர்கள் கழகத்தின் பட்டியலிலுள்ள நூல்களைச் சில வாரங்களில் படித்து, ஆசிரியர்களைச் சந்தித்து, விவாதித்து வாக்களிக்கின்றனர். 2016 இல் இவர்கள் கயேல் பாயின் முதல் புதினமான "சிறு நாடு" என்பதைத் தேர்ந்தெடுத்தனர். 1995 இல் ஆந்திரேய் மக்கீன் இரு பரிசுகளையும் ஒரே நூலுக்குப் பெற்றார். இத்தகைய ஒற்றுமை அரிதாகவே நிகழ்ந்துள்ளது.

1998 ஆம் ஆண்டு போலந்தில் தொடங்கி, பிற நாட்டு மாணவர்களும் கழகத்தின் பட்டியலிலிருந்து தமக்குரிய நூலைத் தேர்ந்தெடுக்கின்றனர். இந்தியாவும் இந்நாடுகளுள் ஒன்றாகும்.

விமரிசனங்களும் சீர்திருத்தங்களும்

கல்லிமார், கிராசே, செய் ஆகிய மூன்று பதிப்பகங்களின் நூல்களே மீண்டும் மீண்டும் தேர்வாகின்றன என்ற குறை நெடுங்காலமாகக் கூறப்பட்டது. இம்மூன்று பெயர்களையும் இணைத்து ஒரு கேலிச் சொல்லும் வழங்கியது. நடுவர்கள் பதிப்பகங்களிடம் ஊதியம் பெற்று வந்ததே இதற்குக் காரணம் எனக் கூறப்பட்டது. 2008 ஆம் ஆண்டு செய்யப்பட்ட சீர்திருத்தத்தின்படி பதிப்பகத்தின் ஊதியப் பணியில் இருப்பவர் நடுவராக இருக்க முடியாது. 80 வயதை அடையும் உறுப்பினர் மதிப்புறு உறுப்பினராக ஆக்கப்படுவார் என்ற விதியும் கொண்டுவரப்பட்டது. 2021 ஆம் ஆண்டு முதல் நடுவர்களின் வாழ்க்கைத் துணைவர், நெருங்கிய உறவினர் ஆகியோரின் நூல்கள் போட்டியில் சேர்க்கப்படுவதில்லை.

பரிசு பெற்றோர் சிலர்

- 1903 - ழான்-அந்துவான் நோ, "பகைச் சக்தி"
- 1916 - ஆன்ரி பார்புஸ், "நெருப்பு"
- 1919 - மார்செல் புரூஸ்ட், "மலரும் இளமங்கையரின் நிழலில்"
- 1921 - ரெனே மரான், "பத்துவாலா"
- 1933 - ஆந்த்ரே மால்ரோ, "மனித நிலை"
- 1954 - சிமோன் த பொவார், "மாண்டரின்கள்"
- 1956 - ரொமேன் காரி, "வானத்தின் வேர்கள்"
- 1975 - எமில் அழார், "எதிரே இருக்கும் வாழ்க்கை"
- 1978 - பத்ரிக் மொதியானோ, "இருண்ட கடைகளின் தெரு"
- 1984 - மார்கரித் துராஸ், "காதலன்"
- 1987 - தாகர் பென் செலூன், "புனித இரவு"
- 2021 - மொகமது ம்புகார் சார், "மனிதர்களின் மிக இரகசியமான நினைவு"
- 2024 - கமெல் தாவூத், "ஊரிகள்"
- 2025 - லொரான் மொவிஞ்யே, "வெற்று வீடு"

இவற்றையும் பார்க்கவும்

- பெமினா பரிசு
- ரெனோதோ பரிசு
- பிரெஞ்சுக் கலைக்கழகம்
- பிரெஞ்சு இலக்கியம்