முப்பத்தேழு டிகிரிச் சூளை

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் பிசிறைச் சீவுவதும், ஈரப் பஞ்சால் துடைப்பதும், பலகையில் அடுக்கிச் சுமப்பதும், வண்ணம் பூசுவதும் பெண்களின் கைவேலை. பீங்கான் வேக, சூளை ஆயிரம் டிகிரியைத் தாண்ட வேண்டும். அதற்கு எவ்வளவு எரிபொருள் செலவாயிற்று என்று முதலாளியிடம் கணக்கு இருக்கும். பலகையைச் சுமக்கும் பெண்ணின் உடலுக்குள்ளும் ஒரு சூளை எரிகிறது. அதன் கணக்கை யார் எழுதுகிறார்கள்?

அந்தச் சூளையின் சூடு வெறும் 37 டிகிரி. காலையில் குடித்த கூழின் மாவுச்சத்து குளுக்கோஸாகி உயிரணுவுக்குள் போகிறது. அங்கே அது ஒரேயடியாக எரிந்துவிடுவதில்லை, படிப்படியாக உடைகிறது. அதிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து நீராகின்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு உருவாகிறது. தசை அசைவதற்கும் மூளை நினைப்பதற்கும் செல்லுபடியாகும் சில்லறைக் காசு அதுதான். 1929இல் அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கைமாற்றும் வரிசையில் சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதம் உண்டு. அதன் நடுவில் இருப்பது ஓர் இரும்பு அணு. அந்தப் புரதத்தின் வரலாற்றில் நம் பெண் ஒருத்தியின் பெயர் இருக்கிறது: கமலா சோஹோனி.

1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்ற கமலா பாகவத், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வுக்கு விண்ணப்பித்தார். இயக்குநராக இருந்தவர் திருச்சியில் பிறந்த நோபல் மேதை சி.வி.ராமன். பெண் என்பதால் மறுத்தார். கமலா அவரது அறை வாசலில் சத்தியாகிரகம் இருந்தார். கடைசியில் நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது: முதல் ஓராண்டு முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார், வழிகாட்டி சொன்னால் இரவிலும் வேலை செய்ய வேண்டும், ஆய்வகத்தின் சூழலைக் கெடுக்கக் கூடாது. கமலா ஏற்றுக்கொண்டார், ஆனால் அந்த அவமானத்தைக் கடைசிவரை மறக்கவில்லை. அவருடைய உழைப்பைப் பார்த்த பிறகே அந்தக் கதவு மற்றப் பெண்களுக்கும் திறந்தது.

பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே உருளைக்கிழங்கில் தொடங்கிய அவரது ஆய்வு, தாவர உயிரணுக்களின் சுவாசத்தில் சைட்டோகுரோம் சி வகிக்கும் பங்கை எடுத்துக்காட்டியது. நாற்பதே பக்க ஆய்வேடு. 1939இல் முனைவர் பட்டம். கிழங்கும் மனுசியும் ஒரே விதமாகத்தான் உணவை எரிக்கின்றன என்ற புரிதலில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

நாடு திரும்பியவர் நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றினார். பின்னர் பம்பாயில், ஏழைகள் உண்ணும் பருப்புகளையும் 'நீரா' என்று வடக்கே சொல்லும் பதநீரையும் ஆராய்ந்தார். பழங்குடிக் கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் பதநீர் நல்ல ஊட்டம் தரும் என்று காட்டினார். அதற்காகக் குடியரசுத் தலைவர் விருது பெற்றார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து அவர் அடுப்படிக்கு வந்தது தற்செயல் அல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்பு குறைந்தால் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறைகிறது. வரிசையின் கடைசியில் எலக்ட்ரானை வாங்க ஆளில்லாமல் போனால் முழு வரிசையும் தளர்கிறது. இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மதியத்துக்கு மேல் கை ஓயவில்லை என்றால்தான் வியப்பு. அதைத்தான் மேஸ்திரியும் மாமியாரும் 'சோம்பல்' என்கிறார்கள்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சுவதைத் தின்னும் வழக்கத்துக்குத் 'தியாகம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். உயிர்வேதியியலில் அதற்குப் பெயர் எரிபொருள் பற்றாக்குறை. பெண்ணால் ஆய்வு செய்ய முடியாது என்றவர்களுக்குக் கமலா பதில் சொல்லிவிட்டார். பெண்ணுக்கு இவ்வளவு சோறு போதும் என்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம். முதல் கரண்டியை நம் தட்டில் போட்டுக்கொள்வதிலிருந்து அதைத் தொடங்கலாம்.