தார்சாச் சுவரில் ஒரு மிளாக் கொம்பு

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சாச் சுவரைப் பார்த்தாலே அந்தக் குடும்பத்தின் கதை பாதி தெரிந்துவிடும். உத்தரத்தை ஒட்டிக் கல்யாணப் படங்கள் முன்பக்கம் சாய்ந்தபடி வரிசையாகத் தொங்கும். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பெண் பக்கத்தில் நிற்பாள், இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. அந்த வரிசைக்கு நடுவே மரத்தில் செதுக்கி வார்னிஷ் அடித்த மான் தலை ஒன்று. தலை மரம், கொம்பு மட்டும் நிஜம். அதில் துண்டோ குடையோ மாட்டியிருக்கும். சின்ன வயதில் அந்த மானும் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் ஒருவர் என்றே எனக்குத் தோன்றும். கொம்பும் படமும் ஒரே சுவருக்கு எப்படி வந்து சேர்ந்தன என்ற கேள்வி வெகுகாலம் என்னை விடவில்லை. கொம்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். படத்தின் தடமும் அதிலேயே வந்து கலந்தது.

மிளா நம் நாட்டு மான்களில் பெரியது. பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறை, காரையார், மாஞ்சோலைச் சரிவுகள் எல்லாம் அதன் வீடு. ஆணுக்கு மட்டும்தான் கொம்பு. ஒவ்வொரு கொம்பிலும் மூன்று முனை. மாட்டுக்கொம்பு மாதிரி உறை போர்த்தியது அல்ல இது, முழுக்க எலும்பு. நெற்றியில் இரண்டு முண்டுகளிலிருந்து, ரத்தம் ஓடுகிற வெல்வெட் போன்ற தோல் போர்த்தி, சில மாதங்களில் கிடுகிடுவென்று வளர்கிறது. வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரிய, மிளா மரத்தில் தேய்த்து அதைக் கழற்றிவிடும். இணைசேரும் காலம் முடிந்தபின் கொம்பு தானாகவே விழும். பிறகு மறுபடி முளைக்கும். அப்படியென்றால் கொம்பு சுவருக்கு வர இரண்டு வழி உண்டு. மிளா விழவேண்டும், அல்லது கொம்பு விழவேண்டும்.

எந்த வழியில் வந்தது என்பதை அடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். தானாக உதிர்ந்த கொம்பின் அடி சொரசொரப்பாக, லேசாகப் புடைத்து முடிந்திருக்கும். சுட்ட மிளாவின் கொம்பு என்றால் இரண்டையும் சேர்த்தபடி மண்டையோட்டுத் துண்டு ஒன்று இருக்கும். மர மான் தலையில் ஆசாரி கொம்பைப் பொருத்தும்போது அந்த அடி மறைந்துபோகும். தாத்தா சுட்டது என்று தலைமுறைகளாகச் சொல்லப்படும் கொம்புகளில் எத்தனை சுள்ளி பொறுக்கப் போனவர்கள் எடுத்துவந்து கொடுத்தவையோ!

ஆனால் சுட்டதும் உண்மை, நிறையச் சுட்டார்கள். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அரசு காடுகளில் வேட்டையை விதிகளுக்குள் கொண்டுவந்தது. காட்டில் துப்பாக்கி தூக்குவது மெல்ல மெல்ல உரிமம் உள்ளவர்களின் பொழுதுபோக்காகச் சுருங்கியது. ஜமீன் காடுகள் ஜமீன்தார்களின் கையில் இருந்தன. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் தன் மலையில் சுமார் 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. அங்கேதான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. லண்டனில் ரோலண்டு வார்டு என்பவர் 1892 முதல் உலகத்து வேட்டைக் கொம்புகளின் அளவுகளைப் புத்தகமாகவே வெளியிட்டு வந்தார். அதில் இடம்பிடிக்க, வளைவோடு நாடா பிடித்து அளந்தார்கள். வசதியுள்ளவர்கள் மைசூரில் வான் இன்ஜன் நிறுவனத்துக்கு அனுப்பி, தலையைப் பஞ்சடைத்து, கண்ணாடிக் கண் வைத்து வாங்கினார்கள். அந்த அளவு வசதி இல்லாதவர்களுக்கு உள்ளூர் ஆசாரி மரத்தில் தலை செய்து கொடுத்தார். மீதிக் கொம்புகள் மூட்டையாகக் கப்பலேறின. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளுக்கு இந்திய மிளாக் கொம்புதான் விரும்பப்பட்ட கைப்பிடி.

துப்பாக்கிக்காரரின் பெயர் மட்டும் அந்தக் கொம்போடு தங்கியது. குளம்புத் தடம் பார்த்து, காற்றுத் திசை சொல்லி, எந்த ஓடைக்கு எப்போது மிளா இறங்கும் என்று காட்டிக்கொடுக்கும் அறிவு பொதிகை மலையின் காணிக்காரர்களிடம் இருந்தது. அவர்கள் பெயரைச் சொல்லும் கொம்பு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் தொங்கும் கல்யாணப் படத்திலும் அதே நிலைதான். எடுத்தவர் பெயர், அட்டையின் மூலையில் ஸ்டுடியோ முத்திரை அழியாமல் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் ஆங்கிலத்தில் 'ஷூட்' என்ற ஒரே வினைச்சொல் என்பது எல்லோருக்கும் தெரியும். 'ஸ்நாப்ஷாட்' என்பதே வேட்டைக்காரர்களின் சொல்தான், குறிபார்க்க நேரமில்லாமல் சட்டென்று சுடுவது. 1860இல் ஜான் ஹெர்ஷல் அதைப் புகைப்படத்துக்கு எடுத்துக்கொண்டார். 1882இல் பிரான்ஸில் மாரே என்ற உடலியல் அறிஞர் துப்பாக்கி வடிவத்திலேயே கேமரா செய்து, பறக்கும் பறவையை நொடிக்குப் பன்னிரண்டு படமாகப் பிடித்தார். இவையெல்லாம் சொல்லிலும் வடிவத்திலும் உள்ள உறவு. என்னை நிறுத்தி வைத்தது பொருளிலேயே இருக்கும் உறவு.

1871க்கு முன் படமெடுப்பவர் ஒரு இருட்டறையையே கூடத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அப்போதே கழுவ வேண்டும். அந்த மருந்திலிருந்து எழும் ஈதர் ஆவி ஒத்துக்கொள்ளாமல் அவதிப்பட்ட ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வேறு வழி தேடினார். வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து பூசினால் தகடு காய்ந்தபிறகும் பயன்படும் என்று அந்த ஆண்டு எழுதினார். காய்ந்த தகடு வந்தபிறகுதான் கேமரா எளிதாகக் காட்டுக்கும் போனது, கல்யாண வீட்டுக்கும் வந்தது.

ஜெலட்டின் எங்கிருந்து வருகிறது? எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும். மாட்டெலும்பை நொறுக்கி, கொழுப்பெடுத்து, அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய், எலும்பின் வடிவத்திலேயே மெத்தென்ற ஒன்று மிஞ்சும். அதைச் சுண்ணாம்பு நீரில் பதப்படுத்தி, வெந்நீரில் மெதுவாகக் கரைத்து எடுத்தால் ஜெலட்டின். ஐரோப்பியச் சமையலறைகளில் ஒருகாலத்தில் மான்கொம்பைச் சீவிக் கொதிக்கவைத்தே இந்தக் கூழை எடுத்தார்கள். நம் ஆசாரிகள் பலகை ஒட்டக் காய்ச்சிய வஜ்ஜிரமும் இதே இனம்தான். எலும்பின் குணம் படத்தில் எந்த அளவுக்கு வந்து இறங்கும் என்பதற்குக் கோடாக் கம்பெனியில் 1920களில் நடந்த ஆராய்ச்சி சாட்சி. சில ஜெலட்டினில் படம் நன்றாக விழுகிறது, சிலவற்றில் மங்குகிறது. ஏன் என்று சாமுவேல் ஷெப்பர்டு துருவிப் பார்த்தார். மாடு மேய்ந்த தீவனத்தில் கடுகு இனச் செடிகள் இருந்தால் அவற்றின் கந்தகச் சேர்மம் ஜெலட்டின்வரை வந்து, வெள்ளி உப்பை ஒளிக்குக் கூர்மையாக்குகிறது என்று கண்டார். மாடு கடித்த கடுகு கல்யாணப்பெண்ணின் முகத்தில் வெளிச்சமாகிறது!

தார்சாச் சுவரை இப்போது மறுபடி பாருங்கள். கொம்பு எலும்பு. அதன் பக்கத்தில் இருக்கும் கறுப்புவெள்ளைப் படம் காகிதத்தின் மேல் பூசிய எலும்புச் சாறு, அதில் சிக்கிய வெள்ளித் துகள். தலையைக் கழுத்தோடு ஒட்டியிருப்பது வஜ்ஜிரமாக இருந்தால் அதுவும் எலும்போ தோலோதான். காட்டு மிருகமும் வீட்டு மிருகமும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் நினைவைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

ஊட்டியில் 1960இல் அமைந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஃபிலிமும் தாளும் ஸ்டுடியோக்களுக்கு வந்த காலத்திலேயே, சுவருக்குப் புதுக் கொம்பு வருவது நின்றுகொண்டிருந்தது. 1962இல் முண்டந்துறை சரணாலயமாயிற்று. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் மிளாவும் புள்ளிமானும் மூன்றாவது அட்டவணையில்தான் இருந்தன. உரிமம் வாங்கிச் சுடும் வழி ஏட்டில் திறந்தே கிடந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை அடைத்தது. இடையே 1988இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 895 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகமாயின. உதிர்ந்து கிடக்கும் கொம்பைக்கூட இன்று காட்டிலிருந்து எடுத்துவர முடியாது.

இந்தப் பகுதியைச் சேர்ந்த திருநெல்வேலியில் 1912இல் பிறந்தவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்களைத் தானே இணைத்துக் கட்டிய கேமராவோடு காட்டில் அலைந்து, காட்டுயிர்களைக் கறுப்புவெள்ளையில் பதிவு செய்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் தொடர்ந்து எழுதினார். கொம்பின் நீளத்தை அளந்த தலைமுறைக்குப் பின், கொம்பைத் தாங்கிய உயிர் எப்படி நிற்கிறது, எப்படிக் காது திருப்புகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களில் அவர் முதல் வரிசை. அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

கல்யாணப் படக்காரர்களில் சிலருக்கு இன்று இரண்டு வாழ்க்கை. முகூர்த்த நாளில் மண்டபம். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு விடியலில் வல்லநாட்டுக்குப் போகிறார்கள். தாமிரபரணிக் கரையோரம், 1987இல் சரணாலயமான 16 சதுர கிலோமீட்டர் குன்றும் புதரும் அது. தெற்கே வெளிமான் இயற்கையாகத் திரியும் கடைசி இடம். வெளிமானின் முறுக்குக் கொம்பு ஆயுள் முழுக்க விழாது. மணமக்களுக்குத் தெரியாமல் மண்டபத்தின் மூலையிலிருந்து அவர்கள் முகத்தை எட்டிப்பிடிக்கும் அதே நீள லென்ஸ்தான் இங்கே வெளிமானையும் பிடிக்கிறது. மூச்சை அடக்கி, விரலை மட்டும் அசைக்கும் பழக்கமும் அதேதான். இந்த டிஜிட்டல் படங்களில் ஜெலட்டின் இல்லை, எலும்பு இல்லை, வெள்ளியும் இல்லை.

பழைய சுவரில் மிச்சமிருப்பவற்றைத் தின்னும் பூச்சிக்கு ராமபாணம் என்று பெயர். படத்தின் சட்டத்துக்குள் புகுந்து ஜெலட்டினைச் சுரண்டித் தின்னும். மாப்பிள்ளையின் தோள்பட்டை, மாலையின் ஒரு பக்கம் என்று வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். காட்டில் மிளா உதிர்த்துவிட்டுப் போன கொம்புக்கும் இதே வேலையைச் செய்ய ஆள் உண்டு. முள்ளம்பன்றி ராத்திரியில் வந்து, முன்பல் பதிய வரி வரியாகக் கொறித்துச் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும். சில சமயம் மானே திரும்பி வந்து கிடக்கிற கொம்பைக் கடிக்கும், நெற்றியில் அடுத்தது முளைத்துக்கொண்டிருக்க.